அந்த வீட்டுப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது?

தட்சிணசித்ராவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, பழைய வீடுகளைப் பார்த்தால் அவர்களுக்குச் சலித்துப்போகாதா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லா வீடுகளையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கவேண்டும் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், நடக்க முடிந்தவர்களாக இருந்தால், அவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் என் அப்பாவை அழைத்துப் போனோம். அதனால்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே 25 கிலோமீட்டர் தூரத்தில், முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. 10 ஏக்கர் பரப்பு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னிந்தியாவின் பழைய வீடுகள் 18 அங்கே நிற்கின்றன. பல வீடுகள், அவை இருந்த ஊரில் இடிபடப் போகிற நேரத்தில் விலைக்கு வாங்கி, தூண் தூணாக, நிலை நிலையாகப் பிரித்துக் கொண்டுவந்து, மரபுத் தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்துத் திரும்ப எழுப்பியவை. செட்டிநாட்டில் அரண்மனை போன்ற வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் கதவுகளும் கடைகளில் விலைபோவதைப் பார்த்த டெபோரா தியாகராஜன் 1984ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். 1996 டிசம்பர் 14 அன்று தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். அவர் வழியில் வந்த பென்னி குரியாகோஸ் உடன் நின்று கட்டினார்.

இப்படி வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கியது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் 1891லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் இத்தகைய இடங்களுக்குப் போனால் அந்தக் காலத்து உடை போட்டவர்கள் அந்தக் காலத்து மனிதர்களாகவே நின்று பேசுவார்கள். முட்டுக்காட்டில் யாரும் வேடம் போடுவதில்லை. தறியில் உட்கார்ந்திருப்பவர் நெசவாளர்தான். சக்கரத்தின் முன்னால் இருப்பவர் குயவர்தான். பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி, எந்தக் கேள்வி கேட்டாலும் சொந்த வாழ்க்கையிலிருந்து பதில் வரும்.

உள்ளே நுழையும்போதே பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுத்தேன். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. 'ஒவ்வொரு வீட்டுக்குள்ள போனதும், உங்க வயசுப் பிள்ளை ஒண்ணு இந்த வீட்டில இருந்திருந்தா காலையில எந்திரிச்சதுல இருந்து என்ன செஞ்சிருக்கும்னு கண்டுபிடிங்க.' அவ்வளவுதான். பலகைகளைப் படி, குறிப்பெடு என்றெல்லாம் சொல்லவில்லை.

முதலில் செட்டிநாட்டு வீடு. வழவழவென்ற தூண்கள், சித்திர வேலைப்பாடு நிறைந்த நிலைக்கதவு. சின்னவனுக்குத் திண்ணையில் ஏறி இறங்குவதுதான் பெரிய விஷயம். இங்கே இருந்த பையன் என்ன செய்திருப்பான் என்றதற்கு, 'ஒளிஞ்சு விளையாடியிருப்பான், அவ்ளோ தூணு இருக்குல்ல' என்றான். விளையாடியிருப்பான்தான், ஆனால் ரொம்ப நாள் இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேற்றிவிடுவார்கள். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலை செய்து, கணக்கு எழுதப் பழகி, பிறகு அடுத்தாள் ஆகி, அதற்குப் பிறகுதான் மேலாள். மூன்று வருஷம் கழித்துத்தான் ஊருக்கு வந்து அம்மாவைப் பார்க்கலாம். இந்தத் தூண்களுக்கான தேக்கும் அதே பர்மாவிலிருந்துதான் கப்பலில் வந்தது. 'அப்போ மரம் இங்க வந்துச்சு, பையன் அங்க போயிட்டானா?' என்று கேட்டாள் பெரியவள். அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

அடுத்தது அக்ரஹாரத்து வீடு. ஆம்பூரிலிருந்து வந்தது. பிரியாணி ஆம்பூர் இல்லை, பழைய திருநெல்வேலி மாவட்டத்து ஆம்பூர். குறுகலாக, நீளமாக, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரோடு, திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று போய்க்கொண்டே இருக்கும். வாசலில் நின்றால் கொல்லை வரைக்கும் பார்வை ஓடும். இந்த வீட்டில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை என்ன செய்துகொண்டிருந்திருப்பாள்? 1929ல் சாரதா சட்டம் வருவதற்கு முன்னால், அனேகமாகக் கல்யாணம் ஆகியிருக்கும், அல்லது ஜாதகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம்தான் சொன்னது. இதைச் சொன்னதும் பெரியவள் சிரித்தாள், நான் கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். உண்மை என்று தெரிந்ததும் கூடத்தில் கொஞ்ச நேரம் நடந்தாள். எங்கே தூங்கியிருப்பாள், மாமியார் வீட்டுக்கு எப்போது போயிருப்பாள், பள்ளிக்கூடம் போனாளா என்று வரிசையாகக் கேள்விகள். இந்த மாதிரிக் கேள்விகளைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கக்கூடாது என்பது என் கட்சி. வீடு அழகாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தால், பார்த்தது மரமும் ஓடும்தான்.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு, விளிம்பில் உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார் ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மிதிக்க மிதிக்கப் பாவு இரண்டாகப் பிரிகிறது, அந்த இடுக்கில் நாடா பாய்கிறது, பலகையை இழுத்து ஓர் அடி, மறுபடியும் மிதி. சின்னவன் குழிக்குள் எட்டிப் பார்த்து, 'உள்ள என்ன இருக்கு?' என்றான். 'என் காலுதான் தம்பி இருக்கு' என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

'உங்க சின்ன வயசில நீங்க என்ன செஞ்சீங்க?' என்று பெரியவள் தன் கேள்வியைக் கேட்டாள். அவர் நாடாவை நிறுத்திவிட்டுத் தறியின் மறுபக்கத்தைக் காட்டினார். 'ஏழு வயசில நான் இங்கதான்மா உக்காந்திருந்தேன். எங்கப்பா இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்.'

பிறகு அவரே விளக்கினார். காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிறதே, அது கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று. ஒவ்வொரு இழையிலும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் ஒருவரே இரண்டு கரையையும் எட்டமுடியாது. அந்தப் பக்கம் நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கை, இல்லாவிட்டால் முன்பணம் வாங்கிய வேறொரு வீட்டுப் பிள்ளையின் கை. காலையில் உட்கார்ந்தால் சாப்பிடத்தான் எழுந்திருக்கலாம். கவனம் சிதறி ஓர் இழை தப்பினால் அப்பாவிடம் அடி. 1986ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. வந்த பிறகும் பல வருஷம் காஞ்சிபுரத்துத் தறிகளில் பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். 'எம் பிள்ளைங்கள நான் உக்கார வைக்கல' என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிமிர்வை நான் அப்படியே எழுத முயன்றால் கெட்டுவிடும்.

என் கல்யாணப் புடவை கோர்வைதான். பெரியவளுக்கு அது தெரியும். 'அம்மா, உன் புடவையில ஒரு பக்கக் கரை யாரு நெஞ்சது?' என்றாள். தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒன்பது வயதில் அவளுக்கு வந்ததே, அதற்காகவே முட்டுக்காடு வரை போகலாம்.

குயவர் வீட்டுக்கு வந்ததும் சின்னவனுக்கு உயிர் வந்தது. அங்கே பிள்ளைகளை மண்ணில் கை வைக்க விடுகிறார்கள். குயவர் கோலைச் சக்கரத்தின் குழியில் செருகி நாலு சுற்றுச் சுற்றிவிட்டார், சக்கரம் தன் பாட்டுக்குப் பறந்தது. நடுவில் இருந்த களிமண் உருண்டையில் அவன் இரண்டு கட்டைவிரலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மண் விரிந்து, எழுந்து, ஒரு கணம் பானை மாதிரி நின்று, பிறகு பையன் அவசரப்பட்டதில் சரிந்துவிட்டது. அவர் கொஞ்சமும் சலிக்காமல் மண்ணைத் திரும்ப உருட்டி வைத்தார்.

நான் அங்கே புதிதாகத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. நம் ஊர்ச் சமையல் பானை சக்கரத்திலிருந்து இறங்கும்போது அதற்கு அடிப்பாகம் கிடையாது! வாயும் கழுத்தும் தோளும்தான் சக்கரத்தில் உருவாகும். நூலால் அறுத்து எடுத்து, கொஞ்சம் காயவிட்டு, பிறகு உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, மண்ணை மெல்ல இழுத்துச் சேர்த்து அடியை மூடுகிறார்கள். அந்த வட்ட அடி அப்படி வந்ததுதான். தட்டுகிற சத்தம் மாறுவதை வைத்தே எங்கே கனமாக இருக்கிறது, எங்கே மெலிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. அரைமணி நேரம் என் மகன் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் இது நடக்காத காரியம். இந்த வீட்டுப் பிள்ளை என்ன செய்திருக்கும் என்று நான் கேட்கவே இல்லை, அவனே சொன்னான், 'மண்ணு மிதிச்சிருக்கும்மா. நாளு பூரா மிதிச்சிருக்கும்.' பக்கத்தில் மிதித்துப் பிசைந்து வைத்திருந்த மண்ணில் கால் தடம் இருந்ததைப் பார்த்துவிட்டான்.

இனி அப்பா விஷயம்.

தஞ்சாவூர் விவசாயி வீட்டுக்கு வந்தோம். இந்த வீட்டைப் பற்றி அப்பாதான் சொல்லவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் பிறந்தது தஞ்சைப் பக்கம்தான், 1950ல். பிள்ளைகள் திண்ணையில் ஏறிவிட்டார்கள். 'தாத்தா, வாங்க' என்று கூப்பிட்டான் சின்னவன். 'வர்றேன் தம்பி' என்று சொல்லிவிட்டு அப்பா வீட்டின் பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் போனார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள்.

'இந்த மாதிரி வீட்டுக்கு நாங்கல்லாம் இந்தப் பக்கமாத்தான் வருவோம், ஆயி' என்றார் பேத்தியிடம். 'வாசப்பக்கம் வரப்படாது. கொல்லப்பக்கம் நின்னு, ஆண்டேன்னு குரல் குடுக்கணும். கஞ்சி ஊத்துவாங்க, வாங்கிக்கிட்டுப் போவணும்.'

ஏன் வாசல் பக்கம் வரக்கூடாது என்று சின்னவன் கேட்டான். எனக்கு ஒரு நொடி திக்கென்றது. ஆறு வயசுப் பையனுக்கு இதை எப்படிச் சொல்வது? அப்பாவுக்கு அந்தத் தயக்கம் எல்லாம் இல்லை. சாதி என்று ஒன்றை வைத்துக்கொண்டு மனுஷனை மனுஷன் தள்ளி நிறுத்தினார்கள், அது தப்பு, நாங்கள் பண்ணையாள், அவர்கள் நிலத்துக்காரர்கள் என்று குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்லி முடித்தார். பையனுக்கு அது புரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது யாரையாவது விளையாட்டில் சேர்க்காமல் விட்டால் எவ்வளவு கோபம் வரும் என்று அந்த வயதுக்குத் தெரியாதா?

பெரியவள் விடவில்லை. உங்களுக்கு என் வயசாக இருந்தபோது என்ன செய்தீர்கள் என்றாள். கருக்கலில் எழுந்து பண்ணை மாட்டை ஓட்டிக்கொண்டு போவது, பொழுது சாய ஓட்டி வருவது. கூலி நெல்லாக வரும், அதையும் அப்பாரிடம்தான் அளந்து போடுவார்கள், பையனுக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. தாத்தா பள்ளிக்கூடமே போகவில்லையா? போனார், கொஞ்சம் தாமதமாக. காமராசர் 1956ல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அது என் அப்பாவின் அப்பா காதுக்கு எட்டி, ஒரு வேளை சோறு அங்கே கிடைக்கும் என்று ஆன பிறகுதான் மாட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். அதற்கு அந்த மனிதர் பண்ணையில் என்னென்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1952லேயே தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. ஆண்டை முன்னால் நின்று பேசுகிற தைரியத்தைச் சட்டம் மட்டும் கொடுத்துவிடாது.

'தாத்தா வீடு எப்படி இருக்கும்?' என்ற கேள்வி வந்ததும் அப்பா சுற்றுமுற்றும் பார்த்து ஒரு குச்சியை எடுத்தார். மண்ணில் கோடு போட்டார். எட்டடி வைத்து நடந்து ஒரு பக்கம், ஆறடி வைத்து இன்னொரு பக்கம். 'இவ்வளவுதான்.' பிள்ளைகள் கோட்டுக்குள் போய் நின்றார்கள். இங்கே அடுப்பு. இங்கே குதிர் இல்லை, ஒரு மண்பானைதான். இந்த மூலையில் ஆடு, மழைக்காலத்தில் மட்டும். இங்கே நாங்கள் ஆறு பேர். சின்னவன் உடனே படுத்துப் பார்த்தான். அக்காவைப் படுக்கச் சொன்னான், என்னைக் கூப்பிட்டான், தாத்தாவையும் கூப்பிட்டான். ஆறு பேருக்கு ஆளில்லை, ஆனால் நாலு பேருக்கே இடம் இடித்தது. அப்பாவிடமிருந்து இந்த அளவை நான் அதுவரை கேட்டதில்லை. குடிசையில் பிறந்தேன் என்று சொல்வார், அவ்வளவுதான். என் மகள்தான் அடியளந்து கேட்டு வாங்கினாள்.

பர்மாத் தேக்கும் கல்லும் நூறு வருஷம் நிற்கும், பெயர்த்தெடுத்து இன்னோர் இடத்தில் நட்டாலும் நிற்கும். மண்சுவரும் கீற்றும் அப்படி இல்லை. வருஷா வருஷம் கூரை மாற்றவேண்டும், ஒரு வெள்ளத்தில் சுவர் கரைந்துவிடும். அந்தக் குடிசை நின்ற இடம்கூட எங்களுடையது இல்லை, பண்ணையின் நிலம். 1971ல் குடியிருப்புச் சட்டம் வந்துதான் குடிசை போட்டிருந்த மனை அதில் இருந்தவர்களுக்குச் சொந்தமாயிற்று. ஆகவே இப்படிப்பட்ட வீட்டை எந்த அருங்காட்சியகமும் பெயர்த்துக்கொண்டு வரமுடியாது. அதில் வாழ்ந்தவர்கள் கூட வந்தால்தான் உண்டு. தாத்தா பாட்டியை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். உங்கள் வீட்டுப் பாட்டி தறியில் உட்கார்ந்தவராக இருக்கலாம், உப்பளத்தில் நின்றவராக இருக்கலாம், கூடை முடைந்தவராக இருக்கலாம். வீட்டு ஹாலில் சோபாவில் உட்காரவைத்துக் கேட்டால் 'அதெல்லாம் என்ன இப்போ' என்று தட்டிக்கழிப்பவர்கள், ஓர் உரலையோ ஒரு மண்சுவரையோ பார்த்ததும் தாமாகப் பேசுகிறார்கள்.

'இப்ப முன்பக்கமா போலாம்ல, தாத்தா?' என்றாள் பெரியவள். 'இப்ப யாரு நம்மளக் கேக்கறது' என்று சொல்லிவிட்டு அப்பா வாசல் வழியாக உள்ளே போனார். முற்றம், பத்தாயம், அடுக்களை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பத்தாயத்தைத் தட்டிப் பார்த்து, எத்தனை கலம் பிடிக்கும் என்று கணக்குச் சொன்னார். நெல் கணக்கில் அவரை யாரும் ஏமாற்றமுடியாது.

அதற்குப் பிறகு மற்றப் பகுதிகளை வேகமாகத்தான் பார்த்தோம். கடற்கரை வெயில் ஏறிவிட்டது, பசியும் வந்துவிட்டது. கேரளப் பகுதியில் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு 1850ல் கட்டியது. சுவரெல்லாம் மரம். ஆந்திரப் பகுதியில் ஹரிபுரத்து வட்ட வடிவ மண்வீடு பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. புயல் அடிக்கிற கடலோரத்தில் காற்று மோதி நிற்க மூலை இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்றுதான் வட்டமாகக் கட்டினார்கள் என்றதும், சின்னவன் புயலாக மாறி வீட்டைச் சுற்றி ஓடினான். கர்நாடகப் பகுதியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டோம். அப்படி மிச்சம் வைப்பதுதான் நல்லது.

போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையில் திறந்ததும் போய்விடுங்கள், தொப்பியும் தண்ணீரும் அவசியம். கைவினைஞர்களிடம் படம் எடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். அவர்களிடமிருந்து ஏதாவது வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். அந்தக் குயவர் அரைமணி நேரம் தட்டி மூடிய அடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அப்பா இப்போது ஊருக்குப் போய்விட்டார். தினமும் சாயங்காலம் பெரியவள் அவருக்குப் போன் போடுகிறாள். ஒன்பது வயதில் தாத்தாவின் ஒரு முழு நாளை, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, ஒரு நோட்டில் மணி வாரியாக எழுதிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கடிகாரம் கிடையாது என்று தாத்தா சொன்னதால், மணியை அடித்துவிட்டு 'கருக்கல்', 'வெயில் ஏறினதும்', 'உச்சிப்பொழுது' என்று மாற்றி எழுதியிருக்கிறாள். மாட்டை ஆற்றில் இறக்கியபோது தாத்தாவும் குளித்தாரா, அல்லது கரையிலேயே நின்றாரா என்று இன்றைக்குக் கேட்கவேண்டுமாம்.